கதிரையில் ஒரு வெளியூர்க்காரர்

ஜேர்மனியில், ஸ்ருட்காட் மாணவர் விடுதியின் பொதுச் சமையலறையில், நிலக்கடலைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் வெளியூர்க்காரரைத் தலைவராக்கும் யோசனை என் தலைக்குள் முதன்முதலாகப் புகுந்தது. அறுபதுகளின் நடுப்பகுதி. குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தவர் என் எதிர் அறைத் தோழர், மேற்கு ஆபிரிக்கர். பேச்சுக்கு, 'நீர் எந்த நாடு?' என்று கேட்டுவைத்தேன். 'அதைத்தான் நாளைக்கு வெளிநாட்டவர் அலுவலகத்திலயும் கேட்கப்போயினம். எனக்கே தெரியாது,' என்று சிரித்தார். அவர் பேசியது ஜேர்மன். என் நினைவில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே தங்கிவிட்டது.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் அங்கே பல பிரதேசங்களுக்கும் சேர்த்து ஒரே கட்சி இருந்ததாம். ஆற்றோரப் பிரதேசம் ஒன்றில் பிறந்த இவர், ஆசிரியராகக் கடலோரப் பிரதேசம் ஒன்றுக்குப் போன இடத்தில் அதில் சேர்ந்திருக்கிறார். கட்சியின் கிளைகளில் ஒரு வழக்கம்: எந்தக் கூட்டத்துக்கும் உள்ளூர்க்காரர் தலைமை தாங்கக்கூடாது, வேறு பிரதேசத்திலிருந்து வந்தவர்தான் தலைவர் கதிரையில் உட்கார வேண்டும். ஊர்ப்பகை கதிரையில் ஏறாமல் இருக்க அதுதான் வழி. பாஷை தெரியாத கிராமங்களில் எல்லாம் இவர் தலைமை தாங்கியிருக்கிறார். 'நான் சொல்லுறது விளங்க முன்னமே சனம் கை தட்டும். மொழிபெயர்க்கிறவன் என்னைவிட நல்லாப் பேசுவான்!' வாய் பிளந்து கேட்டேன். வாசிகசாலைத் தலைவர் பதவிக்கே தெருவுக்குத் தெரு, ஒழுங்கைக்கு ஒழுங்கை ஆள் சேர்த்துச் சண்டைபிடித்த ஊரில் வளர்ந்தவன் நான்.

சுதந்திரம் வாசலுக்கு வந்தபோது, எல்லோரும் ஒரே கூட்டாட்சியாக நிற்பதா, ஆளுக்கொரு நாடாகப் பிரிவதா என்ற கேள்வியில் கட்சி உடைந்தது. ஒரே மேடையில் இருந்தவர்கள் வெவ்வேறு நாடுகளுக்கு அமைச்சர்கள் ஆனார்கள். இவர் நடுவில் நின்றுவிட்டார். பழைய பிரெஞ்சுக் கடவுச்சீட்டு காலாவதி. புதிது இல்லாவிட்டால் விசா நீடிக்காது, படிப்பு பாதியில் போய்விடும். கடலோர நாட்டுத் தூதரகத்தில் பழைய தோழர் ஒருவரே அதிகாரி. தங்கள் நாட்டில் பிறந்ததாக எழுதிக்கொடுத்தால் கடவுச்சீட்டு தருவதாகச் சொன்னாராம். பிறந்த நாட்டுத் தூதரகமோ, அந்தக் கட்சியோடு எந்தத் தொடர்பும் இருந்ததில்லை என்று எழுதித் தரச்சொல்லிக் கேட்டது.

சோற்றுக் கோப்பையோடு வந்த என் ஊர் நண்பன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, 'மச்சான், ஒரு வரிப் பொய்தானே! எழுதிக் குடுத்துப்போட்டு வந்து சாப்பிடச் சொல்லடா,' என்றான். அதையே ஜேர்மனில் சொன்னேன். தோழர் அடுப்பை அணைத்தார். 'ஒண்டில நான் பிறந்த வீடு பொய். மற்றதில என்ர இளமை முழுக்கப் பொய். நீரெண்டா எதை எழுதுவீர்?'

மறுநாள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். அதிகாரி நாடு எது என்று கேட்டார். 'இரண்டு,' என்றார் தோழர். ஒன்றுதான் எழுதலாம் என்றார் அதிகாரி. 'அப்பிடியெண்டால் ஒண்டும் இல்லையெண்டு எழுதுங்கோ.' ஒரு மனிதன் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். நெடுநேரம் வாங்குப் பலகையில் காக்கவைத்து, நாடற்றவர்களுக்குக் கொடுக்கும் தற்காலிகப் பத்திரம் ஒன்றைத் தந்தார்கள். தெருவுக்கு வந்ததும் அவர் சொன்னார்: 'எங்கட கட்சிக்கு வெளியூர்க்காரனைக் கதிரையில இருத்தத் தெரிஞ்சிது. கதிரை உடைஞ்சாப்பிறகு அவனை எங்க இருத்திறது எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லை.'

எழுபதுகள் முடியப்போகின்றன. தோழர் இந்த நாட்டிலேயே பாலங்கள் கட்டுகிறார். இலங்கையிலிருந்து எங்கள் பொடியன்கள் வந்து இறங்கத் தொடங்கிவிட்டார்கள்; மூன்று பேர் கூடினால் முதல் கேள்வி, எந்த ஊர் என்பதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு சங்கம் தொடங்குகிறேன். தலைமைக்கு, இங்கே ஆராய்ச்சி செய்யும் மதுரைக்காரர் ஒருவரைக் கேட்டிருக்கிறேன். 'எங்கட சங்கத்துக்கு மதுரைக்காரனோ? உனக்கு விசரடா!' என்கிறான் அதே ஊர் நண்பன். விசர்தான். ஆனால் தோழரின் கட்சி யோசிக்காமல் விட்டதை நான் விடமாட்டேன். தலைவர் கதிரையில் அமர்ந்ததும் நான் எழுந்து வைக்கப்போகும் முதல் தீர்மானம் இது: எங்களில் எவனுக்கு நாடு இல்லாமல் போனாலும், அவன் அந்த அலுவலகத்துக்குத் தனியே போகக்கூடாது. நாங்கள் அத்தனை பேரும் கூடப் போவோம்.