மேட்டில் பிரேக் பிடிக்காதவர்

சிம்பாங் பூலாய் ஊரில் என் மோட்டார் பட்டறைக்கு அடிக்கடி வரும் ரொட்டிக்காரர் அவர். வெள்ளை மீசை, மடிப்புக் கலையாத சட்டை. அவருடைய மூன்று சக்கர மோட்டார் சைக்கிளில் கிளட்ச் கைப்பிடி கிடையாது. எஞ்சின் வேகம் ஏறினால் கிளட்ச் தானே பிடித்துக்கொள்ளும். எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் கருகிவிடும்.

காரணம் பிடிபடாமல் ஒருநாள் அவர் பின்னால் ஏறிப் போனேன். மேட்டில் சிவப்பு விளக்கு. பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரை அரைகுறையாக முறுக்கியே வண்டி பின்னால் உருளாதபடி நிறுத்தியிருந்தார். ரொட்டி வாசனையை மீறிக் கருகல் வாடை வந்தது.

"பிரேக் புடிங்கண்ணே. இப்படி முறுக்கிட்டே நின்னா கிளட்ச் தேஞ்சிரும்."

"புடிச்சா பின்னுக்கு லைட் எரியும்லா. பின்னால வாரவன் நான் பயந்துட்டேன்னு நெனைப்பான்."

என்ன பயம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனாலும் அந்த மேட்டில் என் காரின் பிரேக்கை மிதித்ததும், பின்னால் வண்டியில் நிற்பவனின் முகத்தைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.