நான் பச்சை பூசிய தெரு

தி.நகரில் அந்தத் தெரு வழியாகப் போக வேண்டி வந்தால் இன்றைக்கும் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். மனைவி கேட்டால் டிராஃபிக் என்று சொல்லிவிடுவேன். உண்மையில் வெட்கம், வேறொன்றுமில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அடையாறில் ஒரு சின்ன ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்தேன். தி.நகர், மயிலாப்பூர் தெருக்களில் வண்டிச் சத்தம் எவ்வளவு என்று அளந்து, வரைபடம் போட்டு, அதை எப்படிக் குறைக்கலாம் என்று திட்டம் எழுதிக் கொடுக்கும் வேலை எங்களுக்கு வந்திருந்தது. அளக்கும் ஆள் நான். மூன்று கால் ஸ்டாண்டில் கருவியைப் பொருத்தி, அதன் தலையில் கறுப்பு ஸ்பாஞ்சு உருண்டையை மாட்டி, கால் மணி நேரம் பக்கத்தில் நிற்க வேண்டும். போகிறவர் வருகிறவரெல்லாம் டி.வி.க்காரன் என்று நினைத்து, எந்த சேனலில் வரும் என்று கேட்பார்கள். எனக்கோ அப்போதெல்லாம் மூக்குக்கு மேல் கோபம் வரும். சத்தத்தை அளக்க வந்தவனே தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்த நாட்களும் உண்டு.

பிரசவ ஆஸ்பத்திரி இருந்த ஒரு பெரிய சாலையிலிருந்து பஸ்களை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. திருப்பிவிடத் தோதாக இருந்தவை இரண்டே தெருக்கள். அவற்றில் எதில் ஏற்கெனவே சத்தம் குறைவோ, அதில் பஸ்களை விடுவதாக ஏற்பாடு. ஒன்றில் ஓட்டுக் கூரை போட்ட ஓர் ஆரம்பப் பள்ளி. இன்னொன்றில், நாங்கள் புதிதாகக் குடிவந்திருந்த முதல் மாடி வீடு. தெருப்பக்க ஜன்னலை ஒட்டிக் கட்டிய தூளியில் எங்கள் நாலு மாதக் குழந்தை தூங்கும். என் வீடு அங்கே இருக்கிறது என்று ஆபீசில் நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பள்ளித் தெருவுக்கு நான் போன அன்று, முனையில் சாக்கடைக் குழாய்க்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சைக்கிளைத் தவிர எதுவும் உள்ளே வரவில்லை. பள்ளத்தில் நின்று வேலை செய்துகொண்டிருந்தவர் என் ஸ்டாண்டைப் பார்த்து, "இன்னா சார் இது, ரேடியோவா?" என்றார். வண்டிச் சத்தத்தை அளக்கும் கருவி என்றேன்.

"அப்ப இன்னிக்கி வேஸ்ட்டு சார். ரோடே காலியா கீது. நாலு நாள்ல மூடிருவோம், அப்பால வந்து எடு" என்றார்.

எங்கள் விதியும் அதேதான். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால், படிவத்தின் கடைசிக் கட்டத்தில் குறிப்பு எழுதிவிட்டு, வேறொரு நாள் வந்து மறுபடி அளக்க வேண்டும்.

பள்ளி வாசலில் ஸ்டாண்டை வைத்ததும் தலைமை ஆசிரியை வெளியே வந்தார். ஃபைலோடு யார் வந்தாலும் அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன்தான். நான் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே போய், "சத்தத்தை அளக்க சார் வந்திருக்காரு. நம்ம ஸ்கூலுக்கு நல்ல பேரு வாங்கித் தரணும், தெரியுதா?" என்று அறிவித்துவிட்டார். அவ்வளவு பிள்ளைகளும் வாயில் விரலை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் பேசினால் பரவாயில்லை, எனக்கு வேண்டியது வண்டிச் சத்தம்தான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

"நல்ல மார்க் கிடைக்குமா சார்?" என்றார் கிளம்பும்போது.

"ரொம்ப நல்ல மார்க் டீச்சர்" என்றேன்.

நாலு நாள் கழித்து நான் போகவில்லை. முதலில் அது சோம்பல்தான். வெயில் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். குறிப்புக் கட்டத்தையும் அப்புறம் எழுதலாம் என்று காலியாக விட்டேன். ஆனால் ஆபீசில் பெரிய தாளை விரித்து, ஸ்கெட்ச் பேனாவால் தெருக்களுக்கு நிறம் பூச உட்கார்ந்தபோது அது சோம்பல் இல்லை. சத்தம் கூடின தெருவுக்குச் சிவப்பு, குறைந்த தெருவுக்குப் பச்சை. ஒழுங்காக அளந்த என் தெரு சிவப்பு. பள்ளித் தெருவுக்குப் பச்சை பூசினேன்.

மேலதிகாரி குனிந்து பார்த்தார். "இது நிஜமாவே இவ்வளவு அமைதியான தெருவா?"

"உள்ளடங்கின தெரு சார்."

"ஒரு ஸ்கூல் இருக்குல்ல?"

"சின்ன ஸ்கூல்தான் சார்."

அந்த நிமிஷம் என் மனதில் இருந்தது தூளி மட்டும்தான். பிள்ளைப் பாசம் என்று இதற்குப் பெயர் சூட்டிப் பார்த்திருக்கிறேன். ஒட்டவில்லை.

சில மாதங்களில் பஸ்கள் பள்ளித் தெருவுக்குப் போயின. எங்கள் குழந்தை நன்றாகத் தூங்கியது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

மாற்றத்துக்குப் பிறகு சத்தம் எப்படி இருக்கிறது என்று அளக்க மறுபடி அனுப்பினார்கள். தட்டிக்கழிக்கப் பார்த்தேன், நடக்கவில்லை. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பள்ளியின் ஓடுகள் கடகடத்தன. தலைமை ஆசிரியைக்குக் குரல் போயிருந்தது. நாள் முழுக்க பஸ்ஸுக்கு மேலே கத்திப் பாடம் நடத்தியதில் தொண்டை புண்ணாகி, டாக்டர் பேசவே கூடாது என்று சொல்லியிருந்தாராம். லீவு போட்டால் வகுப்பைப் பார்க்க ஆள் இல்லை. சண்டைக்கு வருவார், பதிலுக்கு நாமும் கத்திவிட்டு வந்துவிடலாம் என்று தயாராகப் போயிருந்தேன். அவரோ என்னை அடையாளம் கண்டு சிரித்தார். கிட்டே வந்து, காற்று மட்டும் வரும் குரலில் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அன்னிக்கு நீங்க அளந்தப்போ எங்க பசங்க யாராவது சத்தம் போட்டுட்டாங்களா? அதனாலதான் பஸ்ஸை எங்க பக்கம் விட்டுட்டாங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், பின்னே எதனால் என்று கேட்பார்.

"இருக்கலாம் டீச்சர்" என்றேன்.

அவர் வகுப்பைப் பார்த்துத் திரும்பி, "பாத்தீங்களா, அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?" என்றார். பஸ் போய்க்கொண்டிருந்ததால் பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. முன் வரிசைப் பிள்ளைகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.