கொய்யா மரமும் பக்கத்து ஊட்டு அரிசியும்

கிளியை அழகுன்னு சொல்றவங்க ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியில கொய்யா மரம் இருக்காது. எங்க ஊட்டுல இருக்குது. வெடிஞ்சதும் கூட்டமா வந்து இறங்கும். ஒரு பழத்தை முழுசாத் தின்னாக்கூட மனசு ஆறும். ஒரு கொத்து கொத்திக் கீழ போட்டுட்டு அடுத்ததுக்குத் தாவும். கலியாணப் பந்தியில எல்லாத்தையும் இலையில வாங்கி வெச்சுட்டு எந்திரிச்சுப் போவாங்களே, அந்த மாதிரிப் பொறப்பு.

சரவணம்பட்டியில மகன் ஊடு கட்டினப்ப நான் வெச்ச மரம். இப்ப அவன் கார் வாங்கியிருக்கான். பொடக்காலிப் பக்கமும் ரோடு இருக்கறதால, மரம் நிக்கற இடத்துல ஷெட் போடோணும்னான். "ஒரு பழம் நம்ம வாய்க்கு வரலை, எதுக்கும்மா இந்த மரம்? இந்தக் காய்ப்பு பார்க்கறேன். இல்லீன்னா வெட்டிப்போடலாம்."

எனக்குக் கத்தி விரட்ட வராது. அஞ்சாவதோட படிப்பு நின்னவ. அங்கயும் வாத்தியார் கேள்வி கேட்டாத் தலையைக் குனிஞ்சுக்குவேன். நான் கத்துனா சுத்தியிருக்கற மாடியில இருந்தெல்லாம் எட்டிப் பார்ப்பாங்களேன்னு வெக்கம். அதனால சத்தமில்லாத வேலையாச் செஞ்சேன். பல்லடத்துல தறி ஓட்டற என்ற தம்பிகிட்டக் கழிவு நூல் வாங்கிக் கிளைக்குக் கிளை இழுத்துக் கட்டினேன். கொஞ்ச நாள் மிரண்டுதுங்க. அப்புறம் நூலைக் கடிச்சு அறுத்துப்போட்டு உள்ள பூந்துட்டுதுங்க. பழைய பாவாடையைக் கிழிச்சுப் பை தெச்சு ஒவ்வொரு காய்க்கும் மாட்டினேன். பையையும் கிழிச்சுதுங்க.

இத்தனையும் எங்கிருந்து வருதுன்னு பார்த்தா, பக்கத்து ஊட்டு மொட்டை மாடி. புதுசாக் குடி வந்த கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பி, தினமும் ஊறவெச்ச அரிசியைப் பலகையில பரப்பி, கிளி திங்கறதை போன்ல படம் எடுத்துட்டிருந்தார். அங்க சோறு, எங்கூட்டுல பழம். மருமகளைப் போய்ச் சொல்லச் சொன்னேன். "போங்கத்தே, சிரிப்பாங்க"ன்னுட்டா.

வாய்தான் இல்லை, கை இருக்குதே. கடிச்சுப்போட்ட கொய்யாவை முறத்துல அள்ளி, வெடியால வெடியால அவர் ஊட்டு கேட்டுக்கு முன்னால கொட்டினேன். ஈ மொய்ச்சுது. ஒரு நாள் காத்திருந்து பிடிச்சுட்டார்.

"ஏனுங்கம்மா, குப்பையை இங்க கொட்டறீங்க?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னேன். "குப்பையில்லீங்க தம்பி. உங்க விருந்தாளிங்க எங்கூட்டுல மிச்சம் வெச்சதுங்க."

"வாயில்லாச் சீவனுங்கம்மா, பாவம்."

"அதுங்களுக்கா வாயில்லீங்க? வந்து எங்க மரத்தைப் பாருங்க. நீங்க அரிசி போடறதை நிறுத்துற வரைக்கும் இதைக் கொண்டாந்து கொட்டுவனுங்க."

ஒரு 'ங்க' கூடக் குறைக்கலை. ஆனா இந்த வாயில இருந்து அப்படியொரு பேச்சு அதுக்கு முன்னால வந்ததில்லை.

அவர் நிறுத்திட்டார். செயிச்சுப்போட்டேன்னு இருந்தேன். அரிசி இல்லாத கிளி எங்க போகும்? மொத்தக் கூட்டமும் பசியோட என் மரத்துக்கே வந்துது. பிஞ்சைக்கூட விடலை. இத்தனை நாள் அரிசி தின்ன வயித்தோட வந்ததாலதான் கொத்திப்போட்டுட்டுப் போச்சுதுங்கன்னு அப்பத்தான் வெளங்குச்சு.

மகன் கோடாலிக்காரனுக்குச் சொல்லிப்போட்டான். ஆள் வந்து லுங்கியை மடிச்சுக் கட்டறப்ப, நான் போய் மரத்துல சாஞ்சு நின்னேன். ஒருக்கா தொறந்த வாய், மூட மாட்டேங்குது.

"காருக்கு நெழல் வேணும்னா இதுக்கடியில நிறுத்து. வெட்டறதுன்னா நான் பல்லடத்துக்குப் போயிர்றேன்."

"என்னம்மா இப்படிப் பேசற?"

"இப்படித்தான் பேசுவேன்."

மகன் கோடாலிக்காரனுக்கு டீக்காசு குடுத்து அனுப்பினான்.

கார் இப்ப மரத்தடியிலதான் நிக்குது. கிளிங்க இன்னமும் வருதுங்க. நாசமாப் போறதுகளேன்னு நானும் தெருவே கேக்கற மாதிரி கத்தி விரட்டறேன். அந்த வெள்ளைக் கார் மேல எச்சம் போடறப்ப மட்டும் சித்தே பொறுத்துப் போட்டுத்தான் விரட்டறது.