கவுஸ் பாயின் எண்

கவுஸ் பாய் இறந்த செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. காலை ஏழரை மணி. போனில் எங்கள் வார்டுக் குழுவில் அவர் மகள் ஷாகிரா எழுதியிருந்தாள்: "அப்பா இன்று அதிகாலை இறந்துவிட்டார். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." நான் அதைப் படித்து முடிப்பதற்குள் கீழே ஒரு பதில் வந்து விழுந்தது. "உங்கள் கருத்துக்கு நன்றி. இது இதர கோரிக்கைகள் பிரிவில் பதிவு செய்யப்பட்டது. உங்கள் பங்கேற்பே நம் நகரின் பலம்." கூடவே கைகூப்பும் படம் ஒன்று.

அந்தப் பதிலை எழுதியது மனிதர் அல்ல. குழுவில் வரும் எல்லாவற்றையும் படித்துத் தரம் பிரிக்கும் செயற்கை நுண்ணறிவு. அதை வீடு வீடாகப் போய் இந்தத் தெருவுக்கு அறிமுகம் செய்து வைத்தவள் நான்தான்.

பாயை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் அவரைப் பற்றி இப்போது ஊரில் இரண்டு கதைகள் உலவுவதால், முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். என் வேலைக்கு 'மக்கள் தொடர்பாளர்' என்று பெயர். 'வார்டுக் குரல்' என்ற செயலியை நடத்திய தனியார் நிறுவனம் என்னை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது. தெருவுக்கு என்ன வேண்டும் என்று மக்கள் போனில் பேசினால் போதும், இயந்திரம் கேட்டு, எண்ணி, வரிசைப்படுத்தும், முதலில் வரும் வேலை முதலில் நடக்கும் என்றார்கள். நான் அதை நம்பினேன். அதிகாரி வீட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை என்று கேட்டபோது யாருக்குத்தான் ஆசை வராது?

பாய் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். உண்மையில் அந்தக் கடையில் அதிகம் ஓடியது ஜெராக்ஸ் அல்ல, அவருடைய போன். தறியில் உட்கார்ந்தவருக்குக் கையும் காலும் ஓய்வில்லை. ஓடிபி வந்தால் எடுத்துச் சொல்ல முடியாது. அதனால் கேஸ், ரேஷன், நெசவாளர் அட்டை, முதியோர் உதவித்தொகை என்று எந்தப் படிவமானாலும் தெருவே பாயின் எண்ணைத்தான் கொடுக்கும். ஓடிபி வந்ததும் அவர் கடையிலிருந்தே குரல் கொடுப்பார். "வேதவல்லிம்மா, கேஸ் வந்துக்கினு இருக்குது, கதவத் தொற." இருபது வருடமாக அப்படித்தான். அதில் யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை.

குறை வந்தது தண்ணீரால். பெரிய சாலையை மேல்மேலே போட்டு உயர்த்தியதில் எங்கள் தெரு பள்ளமாகிவிட்டது. மழை பெய்தால் கால்வாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வந்து, நெசவாளர் கால் வைத்து மிதிக்கும் தறிக்குழியில் இறங்கி நிற்கும். சாக்கடைத் தண்ணீர் அது. அதில் முழங்கால்வரை நின்றுகொண்டு பட்டு நெய்ய யாராலும் முடியாது. ஒரு கால்வாயை ஆழப்படுத்தி, முனையில் ஒரு குழாய்ப்பாலம் கட்டினால் தீரும். தெருவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பதிவு முகாமை அமாவாசையன்று வைத்தேன். அன்று தறி ஓடாது, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். முப்பத்தெட்டு வீடு, ஒரே நாள், மாலைக்குள் முடித்தாக வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் கால்வாய்க் கோரிக்கையைப் பேசவைத்துப் பதிந்துகொண்டு, போன் எண் கேட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பதில்: "பாய் நம்பர் போட்டுக்கம்மா." மூன்றாவது வீட்டிலேயே எனக்கு உறுத்தியது. ஆனால் மேலே கேட்டால் நேரமாகும். முப்பத்தெட்டு வீட்டுக்கும் அதே பத்து இலக்கத்தை என் கையாலேயே தட்டினேன். இதை நான் பாயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று பிற்பகல் அவர் போன் சிணுங்கிக்கொண்டே இருந்ததில், "என்னாம்மா எஸ்தரு, தெருவே பேசக் கத்துக்கிச்சா?" என்று சிரித்தபடி ஓடிபி எண்களைப் படித்துச் சொன்னார்.

முடிவு சொல்லும் கூட்டத்துக்கு அவரும் வந்திருந்தார். திரையில் வார்டு வரைபடம். அதிகம் கேட்ட இடத்தில் பெரிய வட்டம், குறைவாகக் கேட்ட இடத்தில் சின்ன வட்டம். கோயிலுக்குப் போகும் சாலையில் ஒரு வட்டம் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. அலங்கார வளைவும், நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு மேடையும் வேண்டும் என்று அங்கே கேட்டிருந்தார்களாம். எங்கள் தெருவில் ஒரு புள்ளி. அதன் மேல் விரல் வைத்ததும் விவரம் வந்தது: 'பங்கேற்றவர்: ஒருவர். மனநிலை: ஓரளவு திருப்தி.'

"நான் தண்ணிக்குள்ள நின்னுக்கினு திட்டினேன். அவ்ளோ மரியாதையாவா திட்டினேன்?" என்று பாய் கேட்டார். கூட்டம் சிரித்தது.

நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் சிரிக்கவில்லை. இப்போதுதான் இஸ்திரி போட்டு வந்ததுபோன்ற ஆள். "ஒரே நம்பர்ல முப்பத்தெட்டு என்ட்ரி. சிஸ்டம் அத ஒரே ஆளாத்தான் எடுத்துக்கும். யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்க. இது ஃபேக். இந்த நம்பர் யாருது?"

நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. என் ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருந்தது. மேசைமேல் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாய் ஒருமுறை என் பக்கம் திரும்பினார். அந்த ஒரு பார்வையில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ஆமா சார், என் நம்பர்தான். நான்தான் போட்டேன்."

வெளியே டீக்கடையில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கிளாஸை ஊதிக்கொண்டே சொன்னார். "அரே, உன்னத் தூக்கிட்டா வேற ஒரு பொண்ண அனுப்புவாங்க. அவளுக்கு நம்ம தெரு எந்தப் பக்கம் இருக்குதுன்னு காட்டறதுக்குள்ள இன்னொரு மழ போயிடும்மா." எனக்கு அப்போது வந்தது வெட்கம் அல்ல, நிம்மதி. அதை நினைத்தால்தான் இன்று என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அன்றிலிருந்து அவர் எண்ணுக்குப் பக்கத்தில் 'போலிப் பதிவு' என்று ஒரு சிவப்புக் குறிப்பு. ஊருக்குள்ளும் பேச்சு பரவியது. பாய் ஏதோ தில்லுமுல்லு செய்து தெருவின் கால்வாயைக் கெடுத்துவிட்டார் என்று, அவர் சொன்ன ஓடிபியில் கேஸ் வாங்கிச் சமைத்தவர்களே பேசினார்கள். கேட்டும் வாய் திறக்காமல் இருந்தேன். அவர் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். வீட்டுக்கு ஒரு வரி போட்டு, அந்த வீட்டுக்கென்று ஒரு தனி எண் சேர்க்கக் கிளம்பினார். அமாவாசைதோறும் போனார். யாராவது அலுத்துக்கொண்டால், "மெஷினுக்கு மூஞ்சி தெரியாதும்மா, நம்பர்தான் தெரியும். நாமதான் எறங்கிப் போவணும்" என்பார்.

அதற்குள் அலங்கார வளைவு எழுந்துவிட்டது. போன ஐப்பசி மழையில் அதன் கலர் விளக்கெல்லாம் ஜெகஜோதியாக எரிந்தன. அதே மழையில் வேதவல்லி அக்கா வீட்டுத் தறிக்குழி நிரம்பி, கல்யாணப் புடவைக்குத் தறியில் பூட்டிய பாவு நூல் நனைந்து பாழானது. பாய் வாளியோடு வந்து தண்ணீர் இறைத்தார். அந்த வாரமே மாரடைப்பு. மழையால்தான் போனார் என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார்.

மனசாட்சி என்று ஒன்று இருந்தால் அந்த நிறுவனம் சும்மா இருந்திருக்கும். இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பிளெக்ஸில் பாயின் படம், கீழே 'டிஜிட்டல் குடிமகன்' என்று பட்டம். ஒருங்கிணைப்பாளர் போனைப் பார்த்து அஞ்சலி வாசித்தார். "பட்டின் மென்மையும் தொழில்நுட்பத்தின் வேகமும் இணைந்த பண்பாளர்." எந்த இயந்திரம் துப்பிய வரி அது என்று எனக்குத் தெரியும். பாயிடம் மென்மையும் இல்லை, வேகமும் இல்லை. நிதானமாக நடந்து, சத்தமாகப் பேசுகிறவர் அவர். அதே இயந்திரத்துக்குள் அவர் பெயரோடு அந்தச் சிவப்புக் குறிப்பு அப்போதும் இருந்தது. ஒரு கையால் மாலை, மறு கையால் கறை. என்னைப் பேச அழைத்தார்கள்.

"அந்த நம்பர முப்பத்தெட்டு தடவை போட்டது பாய் இல்ல சார். என் கைதான்" என்றேன். இவ்வளவுதான் என் அஞ்சலி. ஒருங்கிணைப்பாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். மறுநாள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். எழுத்தில் நான் கொடுத்ததை வைத்துச் சிவப்புக் குறிப்பை நீக்கினார்கள். வீட்டுக்கு ஒரு தனி எண் இருந்தால் அடுத்த கணக்கெடுப்பில் எங்கள் தெருவை மறுபடி எண்ணுவதாகவும் சொன்னார்கள்.

ஷாகிரா அந்த நோட்டை என்னிடம் தந்தாள். முப்பத்தோரு வரியில் எண் இருக்கிறது. ஏழு வரி காலி. வேதவல்லி அக்காவின் பெயருக்கு நேரே பாயின் கையெழுத்தில், 'போன் இல்லை. அடுத்த அமாவாசைக்கு வருகிறேன்.'

அந்த அமாவாசைக்கு நான் போனேன். அக்கா காய்ந்த குழியை மெழுகிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார். "கூட்டத்துல சொன்னியாமே. அந்த மனுஷன் இருந்தப்போ வாயில என்னா வெச்சிக்கினு இருந்த?"

நோட்டைத் திறந்து நீட்டினேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, நோட்டில் தன் வரியை விரலால் தடவிப் பார்த்தார்.

"சரி விடு. பாய்தான் இல்லியே. உன் நம்பரயே போட்டுக்கம்மா."

பேனாவை மூடினேன். பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த நோட்டும், அதில் காலியாக இருக்கும் ஏழு வரிகளும்தான்.

"வேணாங்க்கா, உங்களுக்குன்னு ஒரு நம்பர் வேணும்" என்றேன். "அடுத்த அமாவாசைக்கு வரேன்."