குளுவாங் ஆஸ்பத்திரியில் கிடைத்த வேலை

ரப்பர் விலை விழுந்து தோட்டத்தை மூடிய நாளிலிருந்து, அங்கே கணக்கெழுதும் கிராணியாக இருந்த நான் மலாயாவின் குளுவாங் ஊரில் கடை கடையாக வேலை கேட்டு ஏறி இறங்குகிறேன். இன்றும் எல்லோரும் கையை விரித்தார்கள்.

வெறுங்கையோடு வீட்டுக்குப் போகப் பயந்து, ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துவிட்டேன். செத்துப்போகலாமா என்றிருந்தது.

உள்ளே ஒரு தோட்டத்துப் பெண், காய்ச்சலில் துவண்ட குழந்தையை விடாமல் அணைத்துக்கொண்டு கதறினாள். வெள்ளைக்கார டாக்டருக்கு அவள் பேச்சு புரியவில்லை. எழுந்து ஓடினேன்.

"ஊசி போட்டா புள்ள செத்துடுங்க!"

"போட்டாதாம்மா பொழைக்கும். என்னை நம்பிக் குடுங்க."

கொடுத்தாள். சாயங்காலம் குழந்தை பால் குடித்தது.

நாளையிலிருந்து மொழிபெயர்க்க வரச் சொன்னார் டாக்டர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மனைவியோ இனி இங்கே பிழைப்பில்லையென்று இந்தியாவில் உள்ள ஊருக்குக் கப்பலேற ஆசையாகப் பெட்டி கட்டி முடித்துவிட்டாள். அவிழ்க்கச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. உங்களில் யார் துணைக்கு வருகிறீர்கள்?