இரண்டு வாளி பியர்

ஷூர், வோஸ் ஊர்ப் பக்கத்துப் பண்ணைக்காரர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், சரியான சந்தேகப் பிராணி. கடையில் வாங்கிய உருளைக்கிழங்கை வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை எடை போடுவார். போன கோடையில் ஃபிரீசர் பழுதாகி, அதில் சீசாவில் சருகுபோல் காயவைத்துச் சேமித்திருந்த, பியரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் அத்தனையும் கறுத்து நாறிவிட்டது. அப்பா காலத்து ஈஸ்ட். அதில் காய்ச்சாமல் அவர் வீட்டில் கிறிஸ்துமஸ் நடந்ததே இல்லை.

ஒரு வீட்டு ஈஸ்ட் செத்தால், முன்பு அதை வாங்கிப்போன வீட்டில் திரும்பக் கேட்பது ஊர் வழக்கம். ஷூரின் அப்பா கொடுத்தது அடுத்த பண்ணை டோர்லைவ் வீட்டில் இருந்தது. டோர்லைவ் ஒரு பொட்டலம் தந்தார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பே ஷூருக்குப் பிடிக்கவில்லை.

காய்ச்சிக் குடித்தால் ருசி வேறு. ஆரஞ்சுத் தோல் வாசனைக்கு அடியில் ஏதோ புகை, ஒரு காட்டம்.

"ஏமாத்திட்டான். கடைப் பாக்கெட்டத்தான் சருகாக்கிக் கட்டிக் குடுத்திருக்கான்," என்றார் மனைவி போர்ஹில்டிடம்.

"விடுங்களேன். குடிக்கிற மாதிரிதானே இருக்கு."

விடுகிற ஆளா அவர்? கடைக்குப் போய் உலர் ஈஸ்ட் பாக்கெட் ஒன்று வாங்கி வந்தார். ஜூனிப்பர் மரக் கிளை போட்டுக் காய்ச்சிய மால்ட் சாற்றை, அதாவது முளைவிட்ட பார்லிச் சாற்றை, இரண்டு வாளியில் ஊற்றி, ஒன்றில் கடை ஈஸ்ட், இன்னொன்றில் டோர்லைவ் தந்ததைப் போட்டார். இரண்டும் ஒரே ருசியாக வந்தால் ஆள் மாட்டிக்கொள்வான். ஈஸ்ட் போடும்போது தொண்டை கிழியக் கத்த வேண்டும், இல்லாவிட்டால் பியர் சப்பென்று இருக்கும் என்பது ஊர் நம்பிக்கை. இரண்டு வாளிக்கும் கத்தினார். கடைச் சரக்குக்குக் கத்தும்போது மட்டும் கூச்சமாக இருந்தது.

பொங்கி அடங்கியதும் டோர்லைவைக் கூப்பிட்டார். எது எதுவென்று சொல்லாமல் இரண்டு குவளையை நீட்டினார்.

முதல் குவளையைக் குடித்த டோர்லைவ், "இது உன் பியர். வருஷா வருஷம் நீ ஊத்தறது இதானே?" என்றார். இரண்டாவதைக் குடித்ததும் முகம் மலர்ந்தது. "இது உங்கப்பாவோடது. எங்க வீட்டுல இன்னும் இப்படித்தான் வருது."

முதல் குவளைதான் கடைப் பாக்கெட். ஷூர் பிடுங்கிக் குடித்தார். சந்தேகமே இல்லை, அவருடைய பழைய ருசி.

"யாரோ வாளிய மாத்திட்டாங்க," என்றார்.

"யாரும் மாத்தல," என்றாள் போர்ஹில்ட். கை ஏப்ரனைத் திருகியது. "எத்தனையோ வருஷத்துக்கு முன்ன உங்களுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆச்சே, அப்ப ஃபிரீசரக் கழுவினேன். சீசா வெயில்லயே கெடந்து வீணாப்போச்சு. பயந்துபோய் கடைப் பாக்கெட்டக் கரைச்சு, காய வெச்சுப் போட்டுட்டேன். அந்த வருஷம் குடிச்சுட்டு, 'அப்பா ருசி அப்படியே இருக்கு'ன்னீங்க. அப்புறம் நான் எப்படிங்க சொல்றது?"

டோர்லைவ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஷூருக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. இரண்டாவது குவளையை எடுத்தார். அதே புகை, அதே காட்டம். பிடிக்க வேண்டுமே என்று மெல்ல மெல்லக் குடித்தார், கடைசிச் சொட்டு வரை. பிடிக்கவில்லை.