வெளுக்காத வேட்டி

பேரன் கொசுவத்திச் சுருளைக் கொளுத்தியதும் என் கால்கள் தாமாக நாற்காலி மேல் ஏறிக்கொள்கின்றன. இன்று தார்ச்சாலையாகிவிட்ட செல்லூர்க் கண்மாய்க்கரையில்தான் எங்கள் தறிக்கூடம் இருந்தது. அப்பா காலைத் தொங்கவிட்டு நெய்யும் தறிக்குழியில் ஈரமும் கொசுவும் மண்டிக் கிடக்கும், அந்தி சாய்ந்தால் அம்மா நொச்சித்தழைப் புகைச்சட்டியை அதற்குள் இறக்குவாள், ஆனால் தறியில் வேட்டிக்கான வெள்ளை நூல் ஏறிவிட்டால் அப்பா புகை போட விடமாட்டார் என்பதால், சிவப்புச் சேலை எப்போது ஏறும் என்று குழியோரம் நூல் சுற்றியபடி நானும் தம்பியும் காலைச் சொறிந்துகொண்டே இருப்போம்.

அப்படியொரு வெள்ளை நூல் நாளில் தம்பிக்குக் கொசுக்கடியால் முறைக்காய்ச்சல் வந்து உடம்பு தூக்கிப்போட்டது. அம்மா புகைச்சட்டியை இறக்கினாள்.

“வேட்டி பழுப்பேறிப் போகும்” என்றார் அப்பா.

“பழுப்பேறினா வெளுத்துக்கலாம். பிள்ளைய எங்கிட்டுப் போயித் தேட?”

அப்பா இருமிக்கொண்டே நெய்தார்.

பழுப்பேறியதென்று, நூல் கொடுத்த முதலாளி வாங்க மறுத்த அந்த வேட்டியை அப்பாவே கொண்டுவந்து தூங்கும் தம்பியின் காலை மூடினார். கொசுவை விரட்டும் புகை வாசம் போய்விடுமென்று, தன் கடைசிவரை அதை வெளுக்க விடவில்லை.